சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் கீழே: சென்டாரஸ் ஏ நீள்வட்டமா, இல்லையா?

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார். ஓ.எல். படிக்கும் அவருடைய மகளின் டியூஷன் நோட்ஸில் "நீள்வட்ட விண்மீன் மண்டலங்களில் தூசும் வாயுவும் இல்லை, புதிய நட்சத்திரங்கள் பிறப்பதில்லை" என்று இருக்கிறதாம். அதே பக்கத்தில், தென்வானத்து நீள்வட்ட மண்டலத்துக்கு உதாரணமாக சென்டாரஸ் ஏ. பிள்ளை படத்தைத் தேடிப் பார்த்தால் நடுவில் கன்னங்கரேலென்று ஒரு தூசுப் பட்டை. "எது பிழை, நோட்ஸா படமா? இதைக் கொழும்பிலிருந்து பார்க்க ஏலுமா?"

பிள்ளை கவனித்தது மிகச் சரியான இடம். வானியலாளர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகத் தடுமாறிய அதே இடம் அது. சுருக்கமான பதில்: படம் பிழையில்லை. சென்டாரஸ் ஏயின் உடம்பு நீள்வட்ட மண்டலம்தான். அந்தக் கறுப்புப் பட்டை அதனுடையது அல்ல, அது விழுங்கிய இன்னொரு மண்டலத்தினுடையது. நோட்ஸில் உள்ள வரிக்கு "பெரும்பாலும்" என்ற ஒரு சொல் குறைகிறது, அவ்வளவுதான். பரீட்சையில் நோட்ஸில் உள்ளபடி எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் அந்த விதி எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் உடைகிறது என்று தெரிந்துகொள்வது பரீட்சையை விடப் பெரிய விஷயம்.

முதலில் நீள்வட்டம் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். எட்வின் ஹபிள் 1926இல் மண்டலங்களைத் தோற்றத்தை வைத்துப் பிரித்தார். வட்டமாகத் தெரிவது ஈ0, நன்றாக நீண்டு தெரிவது ஈ7, இடையில் மற்ற எண்கள். இது நாம் பார்க்கும் கோணத்தில் தெரியும் உருவம் மட்டுமே. ஆப்பத்தை மேலிருந்து பார்த்தால் வட்டம், பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு. ஆகவே எண்ணை வைத்து உண்மையான வடிவத்தைச் சொல்லிவிட முடியாது.

உருவத்தை விட முக்கியம் உள்ளே நட்சத்திரங்கள் ஓடும் விதம். நம்முடைய பால்வீதி போன்ற சுருள் மண்டலத்தில் பெரும்பாலான நட்சத்திரங்கள் ஒரே தளத்தில், ஒரே திசையில் சுற்றுகின்றன, குடைராட்டினம் மாதிரி. நீள்வட்ட மண்டலத்தில் அந்த ஒழுங்கு இல்லை. மழை விட்ட இரவில் வாசல் விளக்கை மொய்க்கும் ஈசல் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஈசலுக்கும் ஒவ்வொரு பாதை, ஒவ்வொரு சரிவு. கூட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் மட்டும் ஒரு உருண்டை. நட்சத்திரங்களும் பெரும்பாலும் வயதானவை, மஞ்சளும் சிவப்புமானவை. புதிதாக நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். அது அங்கே முன்பே தீர்ந்துபோயிருக்கும், அல்லது சூடேறிப் பரவியிருக்கும். நோட்ஸில் உள்ள வரி இதிலிருந்துதான் வந்தது.

சரி, இனி சென்டாரஸ் ஏ. பட்டியல் பெயர் என்ஜிசி 5128. தூரம் சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு. இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி கிளம்பியபோது பூமியில் மயோசீன் காலம். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் தோண்டப்பட்டிருக்கிற சுண்ணாம்புக் கல்லும் அதே மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்ததுதான். கேட்கப் பெரிய தூரமாக இருந்தாலும், மண்டலங்களின் கணக்கில் இது பக்கத்து ஒழுங்கை. ரேடியோ அலைகளைப் பலமாக வீசும் மண்டலங்களை ரேடியோ மண்டலம் என்பார்கள்; நமக்கு மிக அண்மையில் உள்ளது இதுதான். அதனால்தான் மற்றவற்றில் புள்ளியாகத் தெரியும் பல விஷயங்களை இதில் பிரித்துப் பார்க்க முடிகிறது.

இதை முதலில் பதிவு செய்தவர் ஜேம்ஸ் டன்லப், 1826இல், சிட்னிக்கு அருகில் உள்ள பரமட்டாவிலிருந்து. ஐரோப்பாவின் பெரிய தொலைகாட்டிகள் அதுவரை இதைப் பதிவு செய்யாததற்குக் காரணம் எளிது. லண்டனில் இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. லண்டனில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் எவ்வளவு விலையான தொலைகாட்டி வாங்கினாலும் வீட்டு முற்றத்திலிருந்து இதைப் பார்க்க முடியாது, உங்களால் முடியும். பிறகு ஜான் ஹெர்ஷல் 1830களில் நன்னம்பிக்கை முனைக்குப் போய்த் தென்வானத்தை அலசினார். 1847இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த ஒளிமேகத்தை ஒரு இருண்ட பட்டை இரண்டாகப் பிளப்பதை எழுதினார். அப்போது இவை நம்முடையதற்கு வெளியே உள்ள மண்டலங்கள் என்று உறுதியாகவில்லை. எல்லாம் ஒளிமேகம்தான்.

அதன் பிறகு நடந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதை விளங்கிக்கொள்ள கொழும்புக்காரருக்கு ஒரு வசதி உண்டு. கல்கிசைக் கடற்கரையில் சூரியன் இறங்கும் நேரம் நின்றிருப்பீர்கள். வானத்தில் ஒரு சூரியன், கடலில் அதன் பிரதிபலிப்பாக நீளும் ஒரு ஒளிப்பாதை. கண்ணுக்கு இரண்டு வழியால் ஒளி வருகிறது: ஒன்று நேராக, மற்றது கடலில் பட்டுத் தெறித்து. ரேடியோ அலையிலும் இதே மாதிரி நடக்கும். கடலோரப் பாறை உச்சியில் ஒரு ஆன்டெனாவை வைத்தால், நேராக வரும் அலையும் கடலில் தெறித்து வரும் அலையும் அதில் சேரும். மூலம் வானத்தில் ஏற அல்லது இறங்க, இரு பாதைகளின் நீள வித்தியாசம் மாறும். அலைகள் ஒரு கணம் ஒன்றையொன்று பலப்படுத்தும், அடுத்த கணம் அழித்துக்கொள்ளும். வரைதாளில் இது ஏற்ற இறக்கமான வரிகளாக விழும். வரிகள் விழும் நேரத்தைக் கணக்கிட்டால் மூலம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லலாம். இன்னொரு ஆன்டெனாவுக்குப் பதிலாகக் கடலையே பயன்படுத்தும் யுக்தி இது.

சிட்னியின் டோவர் ஹைட்ஸ் என்ற பாறை முனையில், போர்க்காலத்து ராடார் நிலையம் இருந்த இடத்தில், ஜான் போல்டன், கோர்டன் ஸ்டான்லி, புரூஸ் ஸ்லீ ஆகியோர் இதைச் செய்தார்கள். அங்கே கடல் கிழக்கே. ஆகவே மூலம் உதிப்பதை மட்டுமே பார்க்க முடிந்தது. உதிப்பையும் மறைவையும் இரண்டையும் அளந்தால் இடம் இன்னும் துல்லியமாகும் என்பதால் 1948இல் போல்டனும் ஸ்டான்லியும் நியூசிலாந்துக்குக் கருவியைக் கொண்டுபோனார்கள். 1949இல் முடிவு வந்தது. சென்டாரஸ் நட்சத்திரக் கூட்டத்தின் திசையிலிருந்து வந்த பலமான ரேடியோ ஒலி என்ஜிசி 5128 இருக்கும் இடத்தோடு பொருந்தியது. அதே கட்டுரையில் நண்டு நெபுலாவும் எம்87 மண்டலமும் இடம்பெற்றன. அதற்கு முன் "வானத்தில் எங்கோ ஒரு ரேடியோ மூலம்" என்று மட்டும் இருந்தவை, அன்று முதல் தொலைகாட்டியில் காட்டக்கூடிய பொருள்களாயின.

ஆனால் கண்டுபிடித்தவர்களே தயங்கினார்கள். கட்டுரையின் தலைப்பில் இவற்றை நம் மண்டலத்துக்குள் உள்ள மூலங்கள் என்றே குறிப்பிட்டார்கள். காரணம் நியாயமானது. இது வெளி மண்டலம் என்றால், அந்தத் தூரத்திலிருந்து இவ்வளவு பலமாகக் கேட்க, அன்று யாரும் கற்பனை செய்யாத அளவு சக்தி வெளிப்பட வேண்டும். தங்கள் அளவீட்டை நம்பி, அதன் விளைவை நம்ப முடியாமல் நின்ற அந்தத் தயக்கத்தை நான் குறையாக எண்ணவில்லை. எவ்வளவு கவனமான மனிதர்கள் என்றுதான் தோன்றுகிறது.

1954இல் வால்டர் பாடேயும் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கியும் ஒரு விளக்கம் சொன்னார்கள்: இது உருண்டை வடிவ மண்டலம் ஒன்றும் சுருள் மண்டலம் ஒன்றும் மோதிக்கொண்டிருக்கும் காட்சி. மோதலின் வேகமே ரேடியோ சக்திக்குக் காரணம் என்பது பிற்பாடு நிற்கவில்லை. ஆனால் இரண்டு மண்டலங்கள் என்பது நின்றது. அதற்கான சாட்சிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

பட்டையில் உள்ள வாயுவும் தூசும் ஒரு தட்டாகச் சுற்றுகின்றன, அதுவும் நட்சத்திர உருண்டையின் நீண்ட அச்சுக்குக் குறுக்காக. உள்ளேயே உருவான வாயுவாக இருந்தால் இப்படிக் குறுக்கே போக வேண்டியதில்லை. தட்டு நேராகவும் இல்லை, முறுக்கிக் கிடக்கிறது. ஸ்பிட்சர் விண் தொலைகாட்டி அகச்சிவப்பில் எடுத்த படத்தில் அது ஒரு இணைகரம் போலத் தெரியும். வளைந்து முறுகிய தட்டைப் பக்கவாட்டில் பார்ப்பதால் வரும் தோற்றம் அது. பட்டையின் ஓரங்களில் நீல நிறத்தில் இளம் நட்சத்திரக் கொத்துகள் மின்னுகின்றன. "புதிய நட்சத்திரங்கள் பிறப்பதில்லை" என்ற விதி உடைவது அங்கேதான்.

இன்னொரு சாட்சி மிக அழகானது. 1983இல் டேவிட் மாலினும் கூட்டாளிகளும், மிக மங்கலான ஒளியையும் பிரித்தெடுக்கும் புகைப்பட முறையால், இந்த மண்டலத்தைச் சுற்றி மெல்லிய ஓடுகள் போன்ற வளைவுகள் இருப்பதைக் காட்டினார்கள். ஏன் ஓடு? சித்திரை வருஷத்துக்கு மரத்தில் ஊஞ்சல் கட்டுவோமே, அது நடுவில் விரைவாகப் போய் இரு ஓரத்திலும் ஒரு கணம் நின்று திரும்பும். கண்ணை மூடிக்கொண்டு நூறு படம் எடுத்தால் பல படங்களில் ஊஞ்சல் ஓரத்தில்தான் இருக்கும். விழுங்கப்பட்ட மண்டலத்தின் நட்சத்திரங்களும் பெரிய மண்டலத்தின் நடுவை ஊடுருவிப் போய்த் திரும்பி ஊசலாடுகின்றன. திரும்பும் இடத்தில் கூட்டம் சேர்கிறது. அந்தக் கூட்டம்தான் ஓடு. தூசு எல்லாம் ஒரு நாள் தீர்ந்தாலும் ஓடுகள் கொஞ்ச காலம் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்.

விழுங்கியது எப்போது, இரை எவ்வளவு பெரியது, ஒரே விழுங்கலா பலவா என்பதில் இன்னும் விவாதம் உண்டு. அதனால்தான் சில பட்டியல்களில் இது "விசித்திர நீள்வட்டம்", வேறு சிலவற்றில் "லென்ஸ் வடிவ மண்டலம்". என்னைக் கேட்டால் நீள்வட்டம் என்றே சொல்வேன். தூசை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது முதிய நட்சத்திரங்களின் பெரும் உருண்டை. அதைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோளக் கொத்துகள், அதாவது முதிய நட்சத்திரங்கள் உருண்டையாக நெருங்கி நிற்கும் கூட்டங்கள். பால்வீதியில் சுமார் 150தான் தெரியும். பெரிய நீள்வட்டங்கள் மற்ற மண்டலங்கள் சேர்ந்தும் கரைந்தும் உருவானவை என்பதுதான் இன்றைய பார்வை. அப்படியானால் சென்டாரஸ் ஏ விதிவிலக்கு இல்லை. மற்றவை எப்போதோ சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டன. இதை நாம் சாப்பாட்டு நடுவில் பார்க்கிறோம்.

அந்தச் சாப்பாட்டில் ஒரு பங்கு நடுவில் உள்ள கருந்துளைக்கும் போகிறது. அதன் நிறை சூரியனைப் போல் சுமார் 5.5 கோடி மடங்கு. நம் பால்வீதியின் நடுவில் உள்ளது சுமார் 40 லட்சம் மடங்குதான். உள்ளே விழும் வாயு எல்லாம் விழுங்கப்படுவதில்லை. ஒரு பகுதி எதிரெதிர்த் திசைகளில் இரண்டு தாரைகளாகப் பீய்ச்சப்படுகிறது, ஒளியின் பாதி அளவு வேகத்தில். அந்தத் தாரைகள் மண்டலத்தைத் தாண்டிப் போய் இரண்டு பிரம்மாண்டமான ரேடியோ மேகங்களாக விரிகின்றன. டோவர் ஹைட்ஸ் குழு கேட்டது இதைத்தான். பூமியின் பல இடங்களில் உள்ள ரேடியோ தொலைகாட்டிகளை ஒன்றாக இணைத்துப் பார்க்கும் நிகழ்வெல்லைத் தொலைகாட்டிக் குழு 2017இல் இதைக் கவனித்து 2021 ஜூலையில் படத்தை வெளியிட்டது. தாரையின் அடிப்பகுதி அதில் அதுவரை இல்லாத நுட்பத்தோடு தெரிகிறது. நடுவை விட ஓரங்கள் பிரகாசமாக, இரண்டு நூல் போல.

ரேடியோ மேகங்களின் அளவைச் சொன்னால் உங்கள் மகளுக்குப் பிடிக்கும். வானத்தில் வடக்குத் தெற்காக அவை எட்டு ஒன்பது பாகை நீளம், அதாவது முழுநிலவைப் போல் ஏறக்குறைய 16 மடங்கு. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது மறைக்கும் அகலம் சுமார் 10 பாகை. நம் கண்ணுக்கு ரேடியோ தெரியுமானால், காலிமுகத்திடலில் நின்று தெற்கே திரும்பினால் ஒரு முஷ்டி அளவுக்கு ஒளிமேகம் தொங்கிக்கொண்டிருக்கும்.

1986 மே மாதம் இந்தத் தூசுப் பட்டைக்குள் ஒரு சூப்பர்நோவா வெடித்தது. கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியப் பாதிரியார் ராபர்ட் எவன்ஸ். கணினியும் கேமராவும் இல்லாமல், நூற்றுக்கணக்கான மண்டலங்களின் தோற்றத்தை மனப்பாடமாக வைத்திருந்து, தொலைகாட்டியில் கண்ணை வைத்தே "இந்தப் புள்ளி நேற்று இல்லை" என்று சொல்லக்கூடியவர். வீட்டுத் தொலைகாட்டி என்று யாராவது குறைத்துப் பேசினால் இவரை நினைத்துக்கொள்வேன்.

இனி கொழும்பு. இங்கே நமக்கு ஒரு அருமையான அடையாளம் உண்டு. கன்னி ராசியில் உள்ள சித்திரை நட்சத்திரமும் சென்டாரஸ் ஏயும் வானத்தில் ஏறக்குறைய ஒரே நெடுக்கோட்டில் இருக்கின்றன. சித்திரை தெற்கே உச்சத்துக்கு வரும் அதே நேரம் சென்டாரஸ் ஏ அதற்கு நேர் கீழே, 32 பாகை கீழே, மூன்று முஷ்டிக்குச் சற்றுக் கூட. அடிவானத்திலிருந்து எண்ணினால் 40 பாகை உயரம், நான்கு முஷ்டி. கொழும்புக்கு இது தாராளமான உயரம். மாடிக் கட்டடங்களுக்கு மேலாகவே தெரியும்.

சித்திரைக்கு நேர் கீழே இறங்கி வரும்போது, தென் திசையில் முஷ்டியில் பாதி அளவுக்கு ஒரு சதுரத்தைத் தேடுங்கள். இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு நட்சத்திரங்கள்: மேலே மியூ சென்டாரி, கீழே அதைவிடப் பிரகாசமான சீட்டா சென்டாரி. வலப்பக்கம் கீழ் மூலையில் ஒமேகா சென்டாரி. அது நம் பால்வீதியைச் சேர்ந்த கோளக் கொத்து, தூரம் சுமார் 17,000 ஒளியாண்டு, பைனாகுலரில் பஞ்சு உருண்டை மாதிரி. வலப்பக்கம் மேல் மூலை வெறுமையாகத் தெரியும். அந்த மூலைதான் சென்டாரஸ் ஏ. சதுரம் முழுவதும் சாதாரண 7×50 பைனாகுலரின் பார்வைக்குள் அடங்கும். இன்னும் கீழே, அடிவானத்துப் பக்கம் திரிசங்கு என்ற சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டம் தெரிந்தால் திசை சரி என்று உறுதி.

நேரம்: ஏப்ரல் நடுவில், வருஷப் பிறப்பை ஒட்டி, நள்ளிரவு 12.10 அளவில் உச்சம். இரவு 10 மணிக்கே தென்கிழக்கில் மூன்று முஷ்டி உயரத்தில் இருக்கும். மே நடுவில் உச்சம் 10 மணிக்கு, ஜூன் நடுவில் 8 மணிக்கு. ஆனால் அப்போது தென்மேற்குப் பருவமழை மேகம் வழிவிடாது. அதனால் ஏப்ரலையே பிடியுங்கள். பின்னேரம் இடிமழை பெய்து ஓய்ந்த இரவுகளில் தூசு அடங்கி வானம் தெளிவாக இருக்கும். லீவு கிடைக்கிறதே என்று போயா நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சித்திரா பௌர்ணமி நிலவு சித்திரை நட்சத்திரத்தின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கும். அமாவாசையை ஒட்டிய நாட்களே சரி.

உண்மையைச் சொல்ல வேண்டும்: நகர வெளிச்சத்தில் ஒமேகா சென்டாரி பைனாகுலரில் கிடைக்கும், சென்டாரஸ் ஏ அநேகமாகக் கிடைக்காது. அதன் மொத்த ஒளி ஏழாம் தர நட்சத்திரத்தை விடச் சற்றுத்தான் அதிகம் (தர எண் கூடக் கூட மங்கல்), அதுவும் பரந்து கிடக்கிறது. நான் கொழும்பிலிருந்து பைனாகுலரில் அதைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. 2022 மார்ச் கடைசியில், நீண்ட மின்வெட்டுகள் இருந்த நாட்களில், அமாவாசையும் சேர்ந்து வந்தது. கஷ்டமான காலம். அன்று இரவு பத்தரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போனபோது சுற்றுவட்டாரமே இருட்டு. ஒமேகா சென்டாரி வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரிந்தது. பைனாகுலரை அந்த வெற்று மூலைக்குக் கொண்டுபோனேன். சற்று ஓரமாகப் பார்த்தபோது, வட்டமாக ஒரு சிறு புகை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது ஏன் இவ்வளவு மங்கல்?" என்று கேட்டா. தூரத்தைச் சொன்னேன். திரும்ப வாங்கிப் பார்த்தா.

பட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் 15 முதல் 20 செ.மீ. விட்டமுள்ள தொலைகாட்டியும் இருண்ட இடமும் வேண்டும். கற்பிட்டியில் ஒரு நண்பரின் 20 செ.மீ. கருவியில் பார்த்திருக்கிறேன். உருண்டை இரண்டு பாதியாகப் பிரிந்து, நடுவில் அகலமான இருட்டுக் கோடு வடிவாகத் தெரிந்தது. மன்னார்ப் பக்கமோ நெடுந்தீவோ போக முடிந்தாலும் நல்லது. வடக்கே போகப் போக உயரம் இரண்டு மூன்று பாகை குறையும், இருட்டு அதை ஈடுகட்டும். மகளுக்காகத் தொலைகாட்டி வாங்க நினைத்தால் இப்போதே வேண்டாம். ஒரு 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும்.

மாடிக்குப் போனதும் ஃபோனை அணைத்து வைத்து, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது கொடுங்கள். முதலில் சித்திரை, பிறகு ஒமேகா சென்டாரி. அதிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே. நேராக உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் பக்கத்தில் பார்வையை வைக்கச் சொல்லுங்கள். விழியின் ஓரப்பகுதிக்குத்தான் மங்கலான ஒளி நன்றாகப் பிடிபடும்.